இறைவன் தந்தையாதல்

இறைவனை அன்புடைத் தந்தையாகக் கண்டது தம் சமயம் ஒன்றேயென்றும், ஏனைச் சமயத்தார் அவனை அரசனாகவும் நடுவனாகவும் குணங்குறியற்ற பொருளாகவும் கண்டு அஞ்சினரேயன்றி அணுகினரல்லரென்றும், அவருள்ளும் சைவர் கூறும் சிவம் உயிர்களின் வினைக்கணக்கை எழுதி ஊட்டுவிக்கும் கணக்கனை ஒக்குமென்றும் கிறித்தவ ஆசிரியருள் ஒருசாரார் நெடுங்காலமாகக் கூறி வருவர். இதற்குச் சைவருள் ஒருசாரார் இறுக்கும் விடை அக்கூற்றினும் எளியதாயிருக்கின்றது. கடவுளுக்குப் பிள்ளை ஏது, குடும்பம் ஏது என்று நகைத்து அமைவர். நகை விடையாகாது. அம்மையப்பரெனச் சிவத்தைத் தொழுவார் வாயில் அந்நகை பொருந்துவதும் அன்று.

ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார்க்கு விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் துணைபுரிந்தவர். 1854-இல் சைவதூஷணபரிகாரம் வெளியிட்டபோது அந்நூலின் அதிகாரங்களைக் கொண்டே எதிரிக்கு விடை கூறினார். அவர்க்கு முன்னோராகிய அருணந்தி சிவாசாரியரும் பரபக்கத்துள் ஒவ்வொரு மதத்தையும் அம்மதத்தார் தாமே கூறுமாறு கூறிப் பின்னரே மறுதலை எடுத்தார். ஆகலின் பிறர் கூறும் தந்தைமை யாதென அவர் நூல்வழி நின்று முதற்கண் அறிதல் வேண்டும். அதன்பின் ஆராயத்தக்கது ஒன்றே. தந்தையென்னும் பெயரை முன்னர்ச் சொன்னவர் யார் என்பதன்று. எவர் கொள்கையில் அத்தந்தை இறுதிவரையும் தந்தையாகவே நிற்கின்றான் என்பதே வினா.

பழைய ஏற்பாட்டில் இறைவன் தந்தையெனப்படும் இடங்கள் சிலவே. அவை சிலவாயினும் சுவையுடையன. 103-ஆம் சங்கீதம் பிள்ளைகட்கு இரங்கும் தந்தையை உவமை கூறும். ஓசியா என்னும் தீர்க்கதரிசியின் 11-ஆம் அதிகாரத்தில், நடைபயிலும் குழவியைக் கைப்பிடித்து நடத்தினவன் பின்னர் அக்குழவி தன்னை மறந்தமை கண்டு வருந்துகின்ற நிலை கூறப்படுகின்றது. ஏசாயாவின் 49, 66-ஆம் அதிகாரங்களில் தாயுவமையும் உண்டு. ஆயினும் தந்தையென்னும் பெயரை இடையறாது வழங்கியவர் இயேசுவே. தம் மாணாக்கர்க்குக் கற்பித்த மன்றாட்டையும் அப்பெயர்கொண்டே தொடங்கினார். மாற்கு சுவிசேடம் 14-ஆம் அதிகாரத்தில், தாம் பிடிபடுதற்குச் சற்று முன்னர்ச் செய்த மன்றாட்டில், 'அப்பா' என்னும் அரமேய மொழிச் சொல் அவர் வாயினின்றும் வந்தவாறே பொறிக்கப்பட்டிருக்கின்றது.

இச்சொல்லைக் கண்ட தமிழர் சிலர் இது தமிழ்ச்சொல்லே என்று மகிழ்வர். ஒலியொப்புமை ஒன்றே கொண்டு உறவு கூறுதல் ஆராய்ச்சியன்று. இதன்மேற் கிறித்தவரும் ஒரு மாடம் எழுப்பினர். ஜெர்மானியப் பேராசிரியராகிய யோவாக்கிம் ஜெரெமியாஸ், இயேசு இறைவனை இச்சொல்லால் விளித்த அணுக்கம் யூத மன்றாட்டு வழக்கில் முன்பு கண்டறியாத புதுமையென நிறுவ முயன்றார். அதுகொண்டு இது மழலை வாய்ச்சொல்லே எனப் போதகர் பலர் மேடைதோறும் பேசினர். 1988-இல் ஜேம்ஸ் பார் என்னும் விவிலியப் புலவர், அச்சொல் வளர்ந்த மக்களும் தம் தந்தையை விளிக்க வழங்கியதே. மழலையன்று என்று காட்டி அதனைத் திருத்தினார். தம் சமயத்துக்கு ஆக்கந் தருவதாயினும் பிழையைப் பிழையென்று கூறிய அப்புலவரின் நேர்மை பாராட்டற்பாலது. சைவ நூலாராய்ச்சியிலும் அத்தகையார் பலர் வேண்டும்.

இனி, கிறித்தவர் தம் தந்தைக் கொள்கைக்கு மணிமுடியாகக் காட்டுவது லூக்கா சுவிசேடம் 15-ஆம் அதிகாரத்துக் கெட்ட குமாரன் கதையாகும். இளைய மகன் தந்தை உயிரோடிருக்கவே தன் பங்கைக் கேட்டுப் பெற்றுச் சேய்மை நாடு சென்று அழித்தான். பஞ்சம் வந்தது. பன்றி மேய்க்கும் கூலியாளாகிப் பன்றி தின்னும் தவிட்டுக்கும் ஏங்கினான். அப்போது தந்தையின் மனை நினைவுக்கு வந்தது. மகனெனப்படத் தகேன், கூலியாளருள் ஒருவனாக வைத்துக்கொள்க எனச் சொல்லக் கருதி மீண்டான். அவன் தூரத்தே வரும்பொழுதே தந்தை கண்டான், ஓடினான், கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டான். மகன் தான் எண்ணிவைத்த உரையைத் தொடங்கினான். கூலியாள் என்னும் சொல் அவன் வாயில் வருமுன்னரே தந்தை ஆடையும் மோதிரமும் மிதியடியும் கொணரப் பணித்துவிட்டான்.

இக்கதை அழகியது. இதனை அழகிதன்றென்பார் அன்பின் இயல்பறியார். முதியோன் ஒருவன் தன் பெருமிதத்தை மறந்து தெருவில் ஓடுதல் அந்நாட்டார்க்கும் இழுக்கே. அவ்விழுக்கை அத்தந்தை ஏற்றான். இதனுள் சைவர்க்குப் பொருந்தாதது கொழுத்த கன்றைக் கொன்று விருந்து செய்தமை ஒன்றே. ஒரு மகன் பிழைத்துவந்த மகிழ்ச்சியில், ஒரு பசுவின் மகன் உயிரிழந்தது. அத்தந்தையின் அருள் தொழுவம்வரை சென்றதில்லை. இது நிற்க.

இக்கதையின்கண் உற்று நோக்கற்பாலது ஒன்றுண்டு. மகன் செய்த பிழைக்கு ஈடு கேட்கப்படவில்லை. அவனுக்காக வேறொருவன் அடிபடவில்லை. மூத்த மகனைத் தண்டித்து இளையவனை ஏற்றான் என்றும் இல்லை. தந்தையின் மன்னிப்புக்கு விலை யாதும் கூறப்படவேயில்லை. இதுவே இயேசு கூறிய தந்தையாயின், அவர்க்குப் பின் அவர் பெயராற் சபை கட்டினோர் கூறும் தந்தை யார்? ஆங்கிலநாட்டுக் காந்தர்பரியில் தலைமைக் குருவாயிருந்த அன்சல்ம் 1098-இல் முடித்த நூலொன்றில், மனிதன் பாவத்தால் இறைவன் மாட்சிக்கு இழுக்குண்டாக்கினான். அவ்விழுக்கு அளவற்றதாகலின் அதற்கு ஈடும் அளவற்றதாதல் வேண்டும். மனிதனால் அஃது இயலாமையின் இறைவனே மனிதனாகி இறந்து ஈடு செய்தல் வேண்டிற்று என்று காரணகாரிய முறையில் நிறுவினார். பின்வந்த சீர்திருத்தச் சபையார் ஈடென்பதனைத் தண்டமாக்கி, மாந்தர்மேல் விழவேண்டிய சினம் குற்றமற்ற மகன்மேல் விழுந்தது என்றனர். லூக்காவின் தந்தை ஓடிச்சென்று தழுவினான். இவர் கூறும் தந்தை தழுவுதற்கு முன் கணக்குத் தீர்ந்ததா எனப் பார்க்கின்றான். சிவத்தைக் கணக்கனென்றவர், கணக்கு யாண்டுள்ளதென மீளவும் நோக்குவாராக.

அற்றேல், ஈடு செய்தவனும் இறைவனேயாகலின் அஃது அன்பே, கொடுமையன்று எனின்: ஈடு வேண்டப்பட்டது என்பது நின்றதன்றோ? தனக்குத் தானே கொடுத்துத் தானே பெற்றுக்கொள்ளும் ஈடு, அன்பைக் காட்டுமாயினும், கொடுத்தன்றி மன்னித்தல் இயலாத ஓர் இறைவனையும் உடன் காட்டும். கதையின் தந்தைக்கு அவ்வியலாமை இல்லை.

இவ்வுண்மை கிறித்தவருள்ளும் நல்லோர் பலர் நெஞ்சை அறுத்தது. அதனை மறைத்துக் கூறுதல் முறையன்று. ஸ்காட்லாந்தில் ரோ என்னும் சிற்றூர்ச் சபையில் ஜான் மக்லியோட் காம்பெல் என்பார் குருவாயிருந்தார். அந்நாட்டுச் சபை 1647-இல் ஏற்ற வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையின்படி, இறைவன் உலகந் தோன்றுமுன்னரே சிலரை வீட்டுக்குத் தேர்ந்தான்; கிறித்து இறந்ததும் அத்தேர்ந்த சிலர்க்கே. காம்பெல் தம் ஊராரிடம் பழகியபோது, அவருட் பலர் நல்லொழுக்கமுடையராயிருந்தும், இறைவனுக்குத் தம்மேல் அன்புண்டோ இல்லையோ என்பதே தெரியாது மயங்குவதைக் கண்டார். தந்தைக்குத் தன்மேல் அன்புண்டோ எனப் பிள்ளை ஐயுறுமாயின், அவ்வீட்டில் வேறு எது நன்றாயிருந்தும் என்? அவர் இறைவன் அன்பு எல்லார்க்கும் உரியது, கிறித்து எல்லார்க்குமாக இறந்தார் என்று போதித்தார். அதன்பொருட்டு 1831-இல் ஸ்காட்லாந்துப் பெருஞ்சபை அவரைக் குருத்துவத்தினின்றும் நீக்கிற்று. அவர் தந்தையாரும் அச்சபையில் ஒரு குரு. அம்முதியவர் சபை நடுவே எழுந்து, இம்மகனுக்குத் தந்தையாயிருத்தல்பற்றித் தாம் ஒருநாளும் நாணப்போவதில்லை என்று கூறினார். அன்று அம்மன்றத்தில் தந்தைமை இன்னதென்று உண்மையில் அறிந்திருந்தவர் அவரேபோலும்.

இதனோடு அவ்வழக்கு முடிந்ததில்லை. 1864-இல் எடின்பரோவில் காண்ட்லிஷ் என்பார் இறைவனது தந்தைமையைப் பற்றி விரிவுரைகள் நிகழ்த்தி மறுவாண்டு அவற்றை அச்சிட்டார். அவர் கருத்துப்படி, இறைவன் மாந்தர்க்கு இயல்பாக அரசனும் நடுவனுமே, தந்தையல்லன், கிறித்துவோடு ஒன்றிச் சுவீகரிக்கப்பட்டவர்க்கே தந்தையாவான். அதே நகரத்துப் பேராசிரியராகிய கிராபோர்டு, எல்லார்க்கும் பொதுவாகிய தந்தைமை ஒன்றும் நம்பினார்க்குச் சிறப்பாகிய தந்தைமை ஒன்றும் உண்டு என்று மறுத்தெழுதினார். பின்னர் 1900-இல் பெர்லின் நகரத்து ஹார்னக் என்னும் பேரறிஞர், இறைவன் தந்தையென்பதும் மனித உயிரின் அளவிறந்த மதிப்பும் கிறித்தவத்தின் சாரத்துள் அடங்கும் என்று நூல் வெளியிட்டார். காண்ட்லிஷ் பக்கலில் வேதவாக்கியம் இல்லையென்பதற்கில்லை. பவுல் உரோமர்க்கும் கலாத்தியர்க்கும் எழுதிய நிருபங்களில் மகவாதலைச் சுவீகாரமென்றே கூறுகின்றார்; தமிழ் விவிலியமும் புத்திர சுவிகாரமென்றே பெயர்த்திருக்கின்றது. உரோமர் வழக்கில் சுவீகாரம் சட்டத்தால் வருவது, கொள்வோன் விருப்பிற்குட்பட்டது. கொள்ளப்படாதாரும் இருப்பர். ஆகவே தமிழ்நாட்டு வீதியில் நின்று, இறைவன் எல்லார்க்கும் தந்தை, ஏனைச் சமயத்தார் இதனை அறியார் என்று கூறுவோர், அதனைத் தம் எடின்பரோ ஆசிரியரிடத்து முதலில் நிலைநாட்டிப் பின் ஈண்டு வருதல் தகும்.

இவையெல்லாம் ஒருபுறமிருக்க, தந்தைக் கொள்கைக்கு உரைகல் நரகமே. ஏனெனில் நன்மக்களிடம் அன்பு செய்தல் எல்லார்க்கும் எளிது.

வட அமெரிக்காவில் என்பீல்டு என்னும் ஊரில் 1741 சூலை 8-ஆம் நாள் ஜோனதன் எட்வர்ட்ஸ் செய்த பிரசங்கம் அந்நாட்டில் இன்றும் பள்ளிப்பாடமாயுள்ளது. நெருப்பின்மேற் சிலந்தியைத் தூக்கிப் பிடித்திருப்பான் போல, இறைவன் பாவிகளை அருவருத்துத் தீயின்மேற் பிடித்திருக்கின்றான் என அவர் கூறக் கேட்டோர் அலறினர். எட்வர்ட்ஸ் கொடியவரல்லர், கல்வியிற் சிறந்தவர். தம் நூல் கூறிய முடிவற்ற தண்டத்தை மெய்யென்றே கொண்டார். மெய்யென்று கொண்டவர் அவ்வாறன்றி வேறெவ்வாறு பேசுவர்? ஏனையோர் அக்கொள்கையை ஏட்டில் வைத்துக்கொண்டு மேடையில் தந்தையைப் பாடுவர். அவர் இரண்டையும் மறைத்திலர். அவர்க்கு நெடுங்காலம் முன்னரே அகுத்தீன், திருமுழுக்குப் பெறாது இறந்த குழவிகளும் தண்டத்துக்குரியர், ஆயினும் அத்தண்டம் மிக மெல்லியது என்றார். மெல்லியதாயினும் தண்டம் தண்டமே. பிறந்த நாளே இறந்த குழவி எப்பிழைக்காக அதனைப் பெறும்? ஆதி மனிதன் பிழைக்காக. தந்தையின் கடன் மகனைச் சேரும் என்பது உலகத்து முறைமன்றங்களிலும் எல்லையுடையது, ஈண்டு எல்லையின்றாயிற்று. கத்தோலிக்க சபையின் சர்வதேச இறையியற் குழு 2007-இல் அக்குழவிகளின் மீட்சியை நம்புதற்கு இடமுண்டென்று ஓர் அறிக்கை வெளியிட்டது. நன்று. அகுத்தீன் மறைந்தது 430-இல். இடையே கழிந்த ஆண்டுகளில் மகவிழந்த தாயர் கேட்ட விடை யாது என்பதை எவர் கணக்கிடுவர்?

முடிவற்ற நரகத்தை மறுத்த கிறித்தவரும் இல்லாமலில்லை. மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகன் எல்லா உயிர்களும் ஈற்றில் மீட்கப்படும் என்னும் கருத்தினர். அக்கருத்தைப் பேரரசன் ஜஸ்டினியன் 543-இல் விடுத்த கட்டளை கண்டித்தது. இலண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியராகிய மோரிஸ் 1853-இல் நித்திய தண்டமென்பதற்கு வேறுபொருள் கூறியமையாற் பதவியிழந்தார். 2019-இல் டேவிட் பென்ட்லி ஹார்ட் என்னும் அமெரிக்கர் ஒருவரும் ஒழியாது எல்லாரும் மீட்கப்படுவர் என்று நூலெழுதித் தம் சபையாரிடமே வசை பெற்றார். தந்தையைத் தந்தையாகவே கொண்டு இறுதிவரை எண்ணிச் சென்றவர் ஒவ்வொருவரும் தம் சபையின் வேலியை முட்டினர் என்பது ஈண்டு அறியத்தக்கது. வேலியின் அப்புறம் அவர் கண்ட நிலம் சைவ சித்தாந்தத்தின் விளைநிலம்.

அந்நிலம் இது. சிவஞானசித்தியார் சுபக்கத்துள், சொல்வழி வாராத மக்களைப் பெற்றோர் உறுக்கியும் ஒறுத்தும் திருத்துவதனை உவமையாக்கி, இறைவன் செய்யும் தண்டமும் பரிவின்பாற்பட்டதே என்று அருணந்தி சிவாசாரியர் தெளிவித்தார். இதனையே மறக்கருணை என்பர். பெற்றோர் ஒறுத்தலுக்குரிய இலக்கணம் யாதெனின், அடிக்கப்பட்ட பிள்ளை அதனால் திருந்துதற்கு இடமிருத்தல். அவ்விடம் இல்லையாயின் அடி பகைவன் அடியேயாம். முடிவற்ற தண்டத்துக்குப் பின்னர்த் திருந்துதற்குக் காலம் என்று ஒன்று இல்லை, ஆகவே அதனைச் செய்வோன் அரசனாகலாம், நடுவனாகலாம், தந்தையாதல் இல்லை. சைவம் கூறும் நரகமும் துன்பமே. இருபத்தெட்டுக் கோடியென்று அதனை வகுத்தும் கூறினர். ஆயினும் அது நுகர்ந்து தொலைக்கும் வினைப்பயன். தொலைந்தபின் உயிர் மீண்டும் உடம்பெடுத்து மலபரிபாகத்துக்குரிய வழியில் நிற்கும். சிவம் எவ்வுயிரையும் கைவிட்டதென்று ஆகமத்தில் ஓரிடமும் காட்டல் இயலாது.

ஈண்டுக் கிறித்தவர் வலியதொரு கடாவை நிகழ்த்துவர். பதி, பசு, பாசம் மூன்றும் அனாதியென்பது சைவர் துணிபு. உயிர் படைக்கப்படாததாயின், படையாத ஒருவன் அதற்குத் தந்தையாதல் யாங்ஙனம்? பெறாத பிள்ளைக்குத் தந்தையென்பது முகமனன்றோ? எனின், இதனை நகைத்துத் தள்ளுதல் கூடாது.

முதலாவது, தந்தைமை பெறுதலளவில் அமைவதன்று. பெற்றவன், கற்பித்தவன், உபதேசித்தவன், உணவளித்தவன், ஆபத்திற் காத்தவன் என ஐவரைத் தந்தையென நூல்கள் எண்ணும். உயிர்க்குத் தனுகரணபுவனபோகங்களை மாயையினின்றும் கூட்டுவித்தவன் சிவன். அறிவை விளக்குவித்தவன் அவன். குருவாய் வந்து உபதேசிப்பவன் அவன். ஊட்டுபவனும் காப்பவனும் அவனே. இரண்டாவது, கிறித்தவர் கூறும் படைத்தல்தான் பெறுதலோ எனின் அன்று. தந்தை தன்னினின்று மகனைத் தருகின்றான். சூனியத்தினின்றும் ஆக்குதல் பெறுதலாகாது. அவர்தம் நைசீயா விசுவாச அறிக்கையே இயேசுவை உண்டாக்கப்பட்டவரல்லர், பெறப்பட்டவர் என வேறு பிரித்து நிறுத்திற்று. எனவே ஏனை மாந்தர் உண்டாக்கப்பட்டவர், பெறப்பட்டவரல்லர் என்பது அவ்வறிக்கையாலே பெறப்பட்டது. மூன்றாவது, இல்லாத ஓருயிரை, அது கெட்டு முடிவற்ற தீயில் விழும் என்பதனை முன்னரே அறிந்திருந்தும் உண்டாக்கினான் என்பது தந்தைமைக்குச் சிறப்பன்று, பெரும் பழி. சைவரது சிவம் இருளை உண்டாக்கவில்லை. ஆணவ இருளில் அனாதியே மூழ்கிக் கிடந்த உயிர்மேல் இரங்கினான். கடனில்லாத இரக்கம், பெற்ற கடனால் வரும் இரக்கத்தினும் மெலிந்ததென்று எவரும் கூறார்.

இனி, கெட்ட குமாரனோடு ஒப்பவைக்கத்தக்க குமாரன் ஒருவன் சித்தாந்த சாத்திரத்துள் உளன். சிவஞானபோதம் எட்டாஞ் சூத்திரத்தில், வேடரிடை வளர்ந்து தன்னை அறியாதொழிந்த அரசிளங்குமரன் குறிப்பு வருகின்றது. உரையாசிரியர் அதனை விரிப்பர். இளமையில் வேடர் கைப்பட்ட அவன் தன்னை வேடனென்றே எண்ணி அவர் தொழிலில் மகிழ்ந்திருந்தான். லூக்காவின் மகன் தன் வீட்டை அறிவான், இவன் அறியான். அவனுக்குப் பசி வந்தபோது நினைவு வந்தது. இவனுக்கு நினைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே அங்கே தந்தை வாயிலில் நின்று வழிபார்த்தல் அமைந்தது. இங்கே தந்தையே காட்டுக்குட் செல்ல வேண்டிற்று. ஐம்புல வேடரிடை மயங்கிய உயிர்க்கு இறைவனே குருவாய் வந்து, நீ வேடனல்லை என உணர்த்துகின்றான். உணர்ந்த உயிர் வேடரை விட்டு, தன்னோடு அன்னியமின்றி நின்ற அவன் திருவடியைத் தலைப்படுகின்றது.

லூக்காவின் அதே அதிகாரத்தில் காணாமற்போன ஆட்டைத் தேடி மேய்ப்பன் செல்லும் கதையும் உண்டெனின், உண்டு, அதனை மறுப்பாரில்லை. ஆயினும் அம்மேய்ப்பன் ஒன்றையும் விடாது தேடுவானோ, சாவென்னும் வேலிவரை தேடி அப்பால் திரும்பிவிடுவானோ என்பதற்குச் சபைகள் கூறும் விடை பின்னையதே. சைவத்தில் சாவு வேலியன்று.

அற்றேல், அரசகுமாரன் அரசனுக்கு மெய்யாகவே பிறந்தவனாகலின் இவ்வுவமை உயிர் பெறப்பட்டதென்பதற்கன்றோ சான்று எனின், அன்று. உவமை எல்லாக் கூற்றானும் ஒத்தல் வேண்டுமென்னும் நியதியில்லை. ஈண்டு உவமையாற் கொள்ளக்கிடப்பது, உயிர் தனக்குரியதல்லாத இனத்தோடு கூடித் தன் தகுதியை மறந்தமையும், உரியவன் வந்து உணர்த்தக் கூடினமையுமேயாம். நால்வகை நெறியுள் சற்புத்திர மார்க்கம் என ஒன்றை வகுத்ததும் இதுபற்றியே. அதற்கு எடுத்துக்காட்டாகிய திருஞானசம்பந்தர், சீகாழிக் குளக்கரையில் ஈன்ற தந்தை நீருள் மூழ்கியிருந்த பொழுதிற் சிகரம் நோக்கி அழுதார். உலகத் தந்தை கரையேறுமுன் அம்மையப்பர் வந்தனர். தந்தையோடு தாயும் வந்தமையை நோக்குக. கிறித்தவத்தில் தாய்மைக்கு இடந்தேடிய ஜூலியன் என்னும் இங்கிலாந்துத் தவமாது இயேசுவையே தாயென்றழைத்தார். இத்தகைய இடர்ப்பாடு சைவர்க்கில்லை.

இங்ஙனம் கொள்கையளவிற் சைவம் வென்றதென்று மகிழ்வார், ஒழுகலாற்றைச் சிறிது எண்ணுதல் வேண்டும். கணக்கன் என்னும் பழி எங்கிருந்து எழுந்தது? மகவிழந்த மனையிற் சென்று, தலைவிரித்துக் கிடக்கும் தாயின் முன்னர், எல்லாம் முன்வினைப்பயன் என்று கூறிவரும் சைவர் வாயிலிருந்தன்றோ? அச்சொல் சாத்திரத்திற் பிழையன்று, அவ்விடத்திற் பிழை. கன்மக் கொள்கை இறைவன்மேற் பட்சபாதக் குற்றம் வாராமைப்பொருட்டு ஆசிரியர் நிறுவியது. அழுவார்மேல் எறிதற்கு ஆக்கிய கல்லன்று. சமயாசாரியர் ஒழுகியவாறு காண்க. திங்களூரில் அப்பூதியடிகளின் மகன் அரவு தீண்டி இறந்தானென்று அறிந்த நாவரசர் வினையைப்பற்றி ஓதினாரல்லர், பதிகம் பாடினார். திருமருகலில் வணிகனை இழந்து அரற்றிய பெண்ணின் குரல் கேட்ட சம்பந்தர் காரணம் ஆராய்ந்தாரல்லர். மயிலையிற் சிவநேசர் வைத்திருந்த என்புக்குடத்தின்முன் அவர் செய்ததும் அதுவே. கொடிமாடச் செங்குன்றூரில் அடியாரைச் சுரம் பற்றியபோது, இஃது இந்நிலத்தின் இயல்பு, முன்வினை என்று அமைந்திருத்தல் குறையென்று இடித்துரைப்பதுபோலத் திருநீலகண்டப் பதிகத்தைத் தொடங்கினார். வினையுண்டென்பதை அவரினும் நன்கு அறிந்தார் எவர்?

லூக்காவின் கதையில் மூத்த மகன் ஒருவனும் இருக்கின்றான். வீடு நீங்காதவன், ஏவல் தவறாதவன், தம்பி வந்தானென்று கேட்டு வெகுண்டு உட்புகாது வெளியில் நின்றவன். தந்தை அவன்பொருட்டும் வெளியே வந்து வேண்டினான். அவன் உட்சென்றானா என்பதைக் கதை கூறாது விடுகின்றது. திருநீறும் கண்டிகையும் நித்திய அனுட்டானமும் வழுவாது காத்து, பிறசமயஞ் சென்று மீண்டு வந்தவனைத் திருக்கோயில் வாயிலிற் கண்டு முகஞ்சுளிக்கும் சைவர் அம்மூத்தவனைத் தம் ஊரிலே காணலாம். அத்தகையார் இருக்குமளவும் தந்தையைப்பற்றிச் சைவர் கூறும் நியாயம் ஏட்டளவில் நிற்கும்.

இறுதியாக ஒரு கடா. சண்டேசுரர் கதையை எடுத்து, ஈன்ற தந்தையின் காலை வெட்டினவனைச் சிவன் ஏற்றான். இதுவோ தந்தைமை போற்றும் சமயம் என்பர். விசாரசருமர் மண்ணியாற்று மணலில் இலிங்கம் அமைத்துப் பால் ஆட்டி வழிபட, அதனைத் தந்தையாகிய எச்சதத்தன் காலால் இடறினான், அக்கால் வெட்டுண்டது. சிவபெருமான் வெளிப்பட்டு, இனி உனக்குத் தந்தை யாமே என்றருளித் தம் கொன்றை மாலையைச் சூட்டினார். கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திரன் எடுப்பித்த கோயிலில் அக்காட்சி கல்லில் நிற்கின்றது. இதனைக் கொடுமையென்பார், தம் மத்தேயு சுவிசேடம் 10-ஆம் அதிகாரத்தில் தந்தையையேனும் தாயையேனும் தம்மினும் மிக நேசிப்பவன் தமக்குத் தகுதியில்லான் என்றும், 23-ஆம் அதிகாரத்திற் பூமியில் எவனையும் தந்தையென அழையாதிருக்க என்றும் இயேசு கூறியிருத்தலை மறந்தனர் போலும். உலகத் தந்தை ஆன்மத் தந்தைக்கு இடைநிற்கும்போது எவர் விலகவேண்டும் என்பதில் இரு நூலும் ஒன்றே கூறின. வேறுபடும் இடம் ஒன்றுண்டு. சிவபூசையை இடறியவன், சிவாபராதி, எச்சதத்தன். அவன் என்னானான் என்று சேக்கிழார் கூறாது விட்டாரல்லர். மகன் கையால் வெட்டுண்ட அதனாலே குற்றம் நீங்கி, தன் சுற்றத்தோடு அவனும் சிவலோகம் எய்தினான் என்று அப்புராணத்தை முடித்தார்.